மலைநாட்டில் பவளத் தொட்டி: சில்லர் வேணாம், லிஸ்டில இருந்து எடுங்க

கேள்வி, 04.01.2025 (ஹட்டன்)

எல்லாருக்கும் வணக்கம். 4 அடி தொட்டியில கடல்நீர், பவளம், மீன் எல்லாம் வைக்க ரொம்ப நாள் ஆசை. கொழும்பில ஒரு கடையில சாமான் லிஸ்ட் எழுதித் தந்தாங்க. சில்லர், அதான் தண்ணியக் குளிர வைக்கிற மெஷின், அது மட்டுமே மொத்தத்தில பாதி விலை வருது. அது இல்லாட்டி பவளம் செத்துரும்னு அடிச்சுச் சொல்றாங்க. இன்னொன்னு, பவளத் தொட்டிக்குன்னு வாளியில வர்ற வெளிநாட்டு உப்புதான் (வாளி உப்பு) போடணுமா? நம்ம ஆனையிறவு உப்பு போட்டா என்ன? மேல மலைப்பக்கம் யாராவது வச்சிருந்தா சொல்லுங்க.

05.01.2025, இரவு

சில்லர் வேணாம், வெட்டுங்க தம்பி. அந்த லிஸ்ட் கொழும்புக்கு சரி, ஹட்டனுக்கு சரியில்ல. பவளத்துக்கு 24ல இருந்து 27 பாகை வரைக்கும் வேணும். கொழும்பில அறையே 30 இருக்கும், மோட்டர் சூடும் லைட் சூடும் அதோட சேரும், அதனால அங்க தண்ணியக் குளிர வைக்கணும். நான் நானுஓயா பக்கம், ஏறக்குறைய 1,600 மீட்டர். இந்த மாசம் விடியக்காலையில வெளிய புல்லுல உறைபனி கிடக்கு, வீட்டுக்குள்ள 14, 15 பாகை. நமக்கு 10 பாகை ஏத்துறதுதான் வேலை, அதுவும் வருசம் முழுக்க.

சில்லர் காசை ஹீட்டரிலயும் கரண்ட் போனா தாங்குற ஏற்பாட்டிலயும் போடுங்க. பெரிய ஹீட்டர் ஒன்னு வேணாம். 200 வாட் மூனு, அதுக்கு வெளிய தனியா ஒரு தெர்மோஸ்டாட் கன்ட்ரோலர். ஒன்னு எரிஞ்சு போனா மத்த ரெண்டு தாங்கும். ஒன்னு அணையாம ஒட்டிக்கிட்டாலும் கன்ட்ரோலர் வெட்டிரும்.

06.01.2025

ஹீட்டர் கணக்கில வோல்டேஜ சேர்க்கணும். டப்பாவில 200 வாட்னு போட்டிருக்கிறது 230 வோல்ட்டுக்கு. தோட்டத்துப் பக்கம் சாயங்காலம் எல்லா வீட்டிலயும் அடுப்பும் அயனும் போட்ட நேரம் லைன் 180க்கு இறங்கும். அப்போ அந்த ஹீட்டர் தர்றது 122 வாட்தான், ஏன்னா வோல்டேஜ் குறைஞ்ச அளவுக்கு மட்டும் இல்ல, அதோட வர்க்கத்துக்குக் குறையும். குளிர் கூடுற அதே நேரத்தில சூடு குறையுது. அதனாலதான் மூனு சொன்னேன்.

பில்லையும் இப்பவே நினைச்சுக்கங்க. சராசரியா 200 வாட் ஓடினாலே மாசத்துக்கு 144 யூனிட். வீட்டுப் பாவனையோட சேர்ந்து 180 தாண்டினா மேல் படி விலைக்குப் போயிரும். இதைக் குறைக்க நல்ல வழி ரெஜிஃபோம், அந்த வெள்ளை நுரை அட்டை. பின்பக்கம், ரெண்டு ஓரம், அடி, சம்ப் (கீழ இருக்கிற வடிகட்டித் தொட்டி) சுத்திவர எல்லாம் 2 அங்குல ரெஜிஃபோம் ஒட்டுங்க. முன்கண்ணாடி மட்டும் திறந்திருந்தா போதும். எங்க வீட்டில ஒட்டினதுக்கு அப்புறம் ஹீட்டரோட சிவப்பு லைட் எரியுற நேரம் கண்ணுக்குத் தெரியவே குறைஞ்சது. மேலயும் கண்ணாடி மூடி போடுங்க.

அப்பாயி ஒட்டுறதைப் பார்த்துட்டு "மீனுக்கு ஸ்வெட்டரா?"னு கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன், அதுதான் உண்மை.

08.01.2025

உப்பு. இதைக் கொஞ்சம் விளக்கமா எழுதணும், ஏன்னா இந்தக் கேள்வி எல்லாருக்கும் வருது.

ஆனையிறவு, புத்தளம், அம்பாந்தோட்டை, மூனும் சோத்துக்கு நல்ல உப்பு. தொட்டிக்கு ஆகாது. காரணம் தரம் இல்ல, உப்பளம் வேலை செய்யுற முறை. கடல்தண்ணி வெயில்ல வத்த வத்த முதல்ல சுண்ணாம்பு படியும், அடுத்தது ஜிப்சம். அப்பவே கல்சியம் பெரும்பாலும் போயிருச்சு. அதுக்குப் பிறகுதான் சோடியம் குளோரைட் படியுது, அதைத்தான் வாருறாங்க. மிஞ்சுற கசப்புத் தண்ணியில மக்னீசியமும் பொட்டாசியமும் நின்னுரும், அதை வெளிய விட்டுருவாங்க. உப்பளக்காரருக்கு அதுதான் திறமை, சுத்தமான சோடியம் குளோரைட் வேணும். பவளத்துக்கு வேண்டியது அவங்க வெளிய விட்டதும் அடியில விட்டதும்.

கடல்தண்ணியில லீட்டருக்கு கல்சியம் 410 மில்லிகிராம் சொச்சம், மக்னீசியம் 1,300 பக்கம், பொட்டாசியம் 390 பக்கம். பவளம் தன் எலும்பைக் கட்டுறதே அந்தக் கல்சியத்தில. கடை உப்பில அயடினும் கட்டி பிடிக்காம இருக்கப் போடுற மருந்தும் வேற இருக்கு. அதனால வாளி உப்புதான். 250 லீட்டருக்கு 9 கிலோவுக்கு மேல போகும், அதுக்குப் பிறகு தண்ணி மாத்த மாத்த வேணும்.

வாங்கினதும் காத்துப் புகாத மூடி வாளிக்கு மாத்துங்க. நம்ம பனிமூட்டத்தில பை வாய் கொஞ்சம் திறந்திருந்தாலும் ஈரம் இழுத்து உள்ள கல்லாப் போயிரும். கல்லான உப்பைக் கரைச்சா தண்ணி பால் மாதிரி வெள்ளையாகி அடியில மாவு படியும். அந்த மாவுதான் நீங்க காசு குடுத்து வாங்கின கல்சியம்.

11.01.2025

வெலிமடைக்கார அண்ணன் கேட்டது: மரக்கறி லொறி பேலியகொடைக்கு இறக்கிட்டு வெறுமையா ஏறி வருதே, அதில கடல்தண்ணி கொண்டு வந்தா என்ன?

நல்ல யோசனைதான் அண்ணே, செய்யலாம். ஆனா இடம் பார்க்கணும். களனி கங்கை, மஹாஓயா கடலில விழுற பக்கம் மழைக்காலத்தில மேல்தண்ணி உப்புக் குறைஞ்சு, மண்ணும் குப்பையும் கலந்து இருக்கும். ஆத்துவாய், துறைமுகம், ஹோட்டல் கழிவு வாய் எல்லாத்தையும் விட்டுத் தள்ளிப் போய் அள்ளணும். மீன் ஏத்தின பீப்பா, கிருமிநாசினி பீப்பா வேணாம். 200 லீட்டர் பீப்பா ஒன்னு 205 கிலோ, லொறிக்காரரோட அதைப் பேசிக்கங்க. கொண்டு வந்து இருட்டில மூடி வச்சு, அடையவிட்டு, வடிச்சு, உப்பளவு பார்த்துத்தான் ஊத்தணும்.

நான் செய்யுறதில்ல. வாளி உப்பு எனக்கு நிம்மதி, நடுராத்திரி அவசரம்னாலும் கரைக்கலாம்.

18.01.2025

உப்பைக் கரைக்கிற தண்ணி பத்தி யாரும் கேக்கல, ஆனா மலையில இதுதான் பெரிய விசயம்.

"பீலித் தண்ணி (மலை ஊத்துத் தண்ணி) சுத்தம், குடிக்கிறோமே"னு சொல்லுவீங்க. குடிக்க சுத்தம். பவளத்துக்கும் இறாலுக்கும் வேற கணக்கு. பீலிக்கு மேல தேயிலை மலை இருக்கு, யூரியா போடுறாங்க, மழையில ஊறி இறங்குது. அதைவிட எனக்குப் பயம் செம்பு. மழைக்காலத்தில கொழுந்தில கொப்புள நோய் வந்தா செம்பு கலந்த மருந்து அடிக்கிறாங்க. மனுசனுக்குப் பெருசா ஒன்னும் செய்யாத அளவு செம்பு, இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்னுரும். கடையில மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தா போடுற மருந்திலயே செம்புதான் இருக்கு, பவளத் தொட்டியில அதைப் போடக் கூடாதுங்கிறது இதுக்காகத்தான்.

மழைத்தண்ணி பிடிக்கலாமான்னா, நம்ம கூரை தகரம். தகரத்தில துத்தநாகப் பூச்சு. மழைத்தண்ணி லேசாப் புளிப்பு, பூச்சைக் கரைச்சுக் கொண்டு வரும். மலைக்குப் பக்கத்துக் கூரைன்னா மருந்துத் தூறலும் படிஞ்சிருக்கும்.

அதனால ஆர்ஓ (சவ்வு வழியா வடிகட்டுற மெஷின்), அதுக்குப் பின்னால மிச்ச உப்பையும் பிடிக்கிற டிஐ பிசின். கடைசியில டிடிஎஸ் மீட்டர், அதான் கரைஞ்ச உப்பை அளக்கிறது, 0 காட்டணும். ரெண்டு விசயம் கடைக்காரர் சொல்லமாட்டார். ஒன்னு, ஆர்ஓ சவ்வோட கணக்கு 25 பாகை தண்ணிக்கு. ஒரு பாகை குறைய ஏறக்குறைய 3 சதவீதம் தண்ணி குறையும். நம்ம குழாய்த்தண்ணி 15 பாகைன்னா 30 சதவீதம் போச்சு. ரெண்டு, மேட்டுத் தாங்கியில இருந்து சும்மா இறங்குற தண்ணிக்கு அழுத்தம் பத்தாது, பூஸ்டர் பம்ப் இல்லாட்டி சொட்டுச் சொட்டாத்தான் வரும், கழிவுத்தண்ணிதான் கூடப் போகும். பம்பையும் சேர்த்தே வாங்குங்க.

கழிவுத்தண்ணியக் கொட்டாதீங்க. எங்க வீட்டு லீக்ஸ் பாத்திக்குப் போகுது, நல்லாத்தான் வளருது.

மருந்து அடிச்சுட்டு வந்த கையோட தொட்டிக்குள்ள கை விடவே கூடாது. இது பெரட்டுக்கு (தோட்ட வேலைக்கு) போற வீடுகள்ல எல்லாரும் தெரிஞ்சிருக்க வேண்டியது.

26.01.2025

உப்பளவு: மிதக்கிற பிளாஸ்டிக் ஊசி மீட்டர் வேணாம், ரிஃப்ராக்டோமீட்டர், அதான் ஒரு துளி விட்டுக் கண்ணில வச்சுப் பார்க்கிற மீட்டர், வாங்குங்க. அதை வெறும் தண்ணியில 0 வச்சா மட்டும் பத்தாது, 35 அளவுக் கரைசல் (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) விக்கிது, அதை விட்டுச் சரிபாருங்க. குளிர்ந்த அறையில எடுத்த உடனே பார்க்காம ஒரு நிமிசம் துளிய விட்டு வச்சிருந்து பாருங்க. 35, அல்லது அடர்த்தியில 1.026. அவ்வளவுதான்.

10.02.2025

நேத்து ஞாயிறு நாடு முழுக்க கரண்ட் போனது எல்லாருக்கும் தெரியும். பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு ஒன்னு தொட்டதாலன்னு அமைச்சர் சொன்னார். நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்னதால இன்னைக்கும் ஒன்றரை மணித்தியாலம் வெட்டு. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினதும் நமக்கு மறக்கல. மேல மலையில இதெல்லாம் இல்லாமலே காத்துக்கு மரம் விழுந்து லைன் போகும்.

ஹட்டன் தம்பி, இப்ப சொல்றதுதான் உங்க லிஸ்டில முதல் வரியில எழுத வேண்டியது. தொட்டி வாங்குறதுக்கு முதலே பெட்டரி ஏற்பாடு.

எல்லாரும் கரண்ட் போனதும் சூட்டைத்தான் நினைக்கிறாங்க. சூடு மெல்லத்தான் போகும். 250 லீட்டர் ஒரு பாகை இறங்க 0.28 யூனிட் அளவு சூடு வெளிய போகணும். ரெஜிஃபோம் ஒட்டின தொட்டி 100 வாட் அளவு இழக்குதுன்னா, ஒரு பாகை இறங்க மூனு மணித்தியாலம் கிட்ட ஆகும். ஆறு மணித்தியாலத்தில ரெண்டு பாகைதான். பவளம் அதைத் தாங்கும்.

தாங்காதது மூச்சு. தண்ணி அசையாட்டி ஒட்சிசன் இறங்குறது அதைவிட வேகம், நம்ம உயரத்தில இன்னும் மோசம். 1,600 மீட்டரில காத்தோட அழுத்தம் கடற்கரையைவிட 18 சதவீதம் கிட்டக் குறைவு, ஹட்டனில 14 சதவீதம். தண்ணியில கரையுற ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறையும். 25 பாகை கடல்நீரில கடற்கரையில லீட்டருக்கு 6.7 மில்லிகிராம் நிக்குமுன்னா, எங்க வீட்டில 5.5 தான். கொழும்புத் தொட்டியில மீன் தாங்குற நேரம் இங்க தாங்காது.

அதனால பெட்டரியில ஹீட்டரைப் போடாதீங்க. 200 வாட் ஹீட்டர் ஆறு மணித்தியாலம் ஓடினா 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பெட்டரி ஒன்னு மொத்தமாக் காலி. 10 வாட் டிசி வேவ்மேக்கர் (தண்ணிய அசைக்கிற சின்ன மோட்டர்) 12 மணித்தியாலம் ஓடினாலும் அதில பத்தில ஒரு பங்குதான். டிசியில ஓடுற வேவ்மேக்கரா வாங்கி, அதோட பெட்டரி வயரையும் சேர்த்து வாங்குங்க. நேத்து எங்க வீட்டில அது மட்டும்தான் ஓடினது. தண்ணி மட்டம் சின்னதா அலை அடிச்சுக்கிட்டே இருந்தது, கோமாளி மீன் ரெண்டும் வழக்கம் போல மூலையில நின்னது.

10.02.2025, இரவு

கம்ப்யூட்டர் யூபிஎஸ் போதுமான்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க. அது ஃபைலை சேமிச்சு மூடுறதுக்கு உண்டான சின்னப் பெட்டரி, ராத்திரிக்குத் தாங்காது. சூடு ரொம்ப இறங்கினா போத்தலில சுடுதண்ணி அடைச்சு சம்புல மிதக்க விடுங்க. சுடுதண்ணிய நேரா ஊத்தாதீங்க.

16.02.2025

ஒட்சிசன் கணக்கு எழுதினதுக்கு அப்புறம் ஜனவரி 6 குறிப்பை இன்னொரு முறை யோசிச்சேன். மேல முழுக்கக் கண்ணாடி மூடி போட்டா சூடு நிக்கும், காத்துப் போக்குவரத்து நிக்காம இருக்கணும். மூடியில மூனில ரெண்டு பங்கை மட்டும் மூடுங்க, தண்ணி வழிஞ்சு இறங்குற பக்கம் திறந்திருக்கட்டும். ஸ்கிம்மர், அதான் காத்துக் குமிழியால அழுக்கை நுரையா எடுக்கிறது, ஒரு அளவு பெருசா வாங்குங்க. அழுக்கு எடுக்கிறதுக்கு மட்டும் இல்ல, நமக்கு அது நுரையீரல்.

02.03.2025

பண்டாரவளை அக்கா: "பிஎச் ராத்திரியில 7.7க்கு இறங்குது, பஃபர் ஊத்தி ஊத்திப் பார்த்துட்டேன், ஏறமாட்டேங்குது."

அக்கா, அல்கலினிட்டி (பிஎச் இறங்காமத் தாங்குற சக்தி) 8, 9 dKH இருந்தா பஃபர் இன்னும் ஊத்தாதீங்க. தொட்டியில குறை இல்ல, வீட்டுக் காத்தில இருக்கு. குளிருக்கு சன்னல் எல்லாம் சாத்திட்டு, உள்ள ஆறு பேர், விறகடுப்பு வேற. காபனீரொட்சைட் சேருது, அது தண்ணியில கரைஞ்சு பிஎச்சை இறக்குது. ஸ்கிம்மர் காத்து இழுக்கிற சின்னக் குழாய நீட்டி சன்னலுக்கு வெளிய விடுங்க. வாயில பஞ்சு வைங்க, பூச்சி வராது. அந்த நுனி மருந்தடிக்கிற மலைப்பக்கம் பார்த்து இருக்கக் கூடாது, கூரைக்கு அடியில மறைவா வைங்க.

சுவர் வேர்க்குறதும் இதோட சேர்ந்ததுதான். 25 பாகை தண்ணி, 15 பாகை அறை, ஆவி எழும்பி குளிர்ந்த சுவரிலயும் தகரத்திலயும் போய் தண்ணியா நிக்கும். தொட்டிய சுவரில இருந்து ஒரு சாண் தள்ளி வைங்க, இல்லாட்டி பின்னால கறுப்பாப் பூஞ்சணம் ஏறும். ஆவியாப் போனதுக்கு உப்புத்தண்ணி ஊத்தக் கூடாது, ஆர்ஓ தண்ணிதான். ஆவியாகும் போது உப்பு போறதில்லையே.

16.03.2025

லைட் பத்தி நிறைய எழுத ஒன்னும் இல்ல. எல்ஈடி. மென்பவளத்துக்கு நடுத்தர வெளிச்சம் போதும். காசு மிஞ்சினா பிறகு பார்க்கலாம்.

மீன் கொண்டு வர்றது பத்தி எழுதணும். கொழும்பில இருந்து கினிகத்தேனை வழியா ஏறி வரும் போது பையைப் பார்த்திருக்கீங்களா? கித்துல்கலையில தொளதொளன்னு இருந்த பை ஹட்டன் வரும் போது மத்தளம் மாதிரி விறைச்சு நிக்கும். வெளிய அழுத்தம் குறைய உள்ள இருக்கிற ஒட்சிசன் 16 சதவீதம் கிட்ட விரியுது. நானுஓயாவுக்கு இன்னும் கூட. முட்ட ஊதின பைன்னா ரப்பர் பட்டி கட்டின இடத்தில கசியும், இல்லாட்டி வெடிக்கும். கடையில சொல்லுங்க: முக்காலுக்கு மேல ஊத வேணாம், ரெட்டைப் பை போடுங்க, மேல போறோம். ரெஜிஃபோம் பெட்டியில வைங்க. ராத்திரி ரயில்ல வர்றீங்கன்னா வெதுவெதுப்பான தண்ணிப் போத்தல் ஒன்னை துணியில சுத்திப் பக்கத்தில வைங்க.

20.04.2025

வருசப் பிறப்பு லீவுக்கு திருகோணமலை போயிட்டு வந்த ஒருத்தர் தனியாக் கேட்டதுக்கு இங்கயே பதில் சொல்றேன், எல்லாருக்கும் உதவும். "கரையில கிடக்கிற முருகைக்கல் (பவளக்கல்) துண்டு நாலு எடுத்து வந்தா தொட்டிக்கு ஆகுமா?"

ஆகாது, எடுக்கவும் கூடாது. கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988 திருத்தத்தில முருகைக்கல் தோண்டுறது, சேர்க்கிறது, வச்சிருக்கிறது, ஏத்திக்கிட்டு வர்றது, சுடுறது எல்லாமே தடை. தென்மேற்குக் கரையில சுண்ணாம்புக்காக முருகைக்கல்லைத் தோண்டிச் சூளையில சுட்டுச் சுட்டு கரையே கடல் தின்ன ஆரம்பிச்சதாலதான் அந்தத் தடை வந்தது. திருகோணமலைப் பக்கத்துப் புறாத்தீவு 2003ல இருந்து தேசியப் பூங்கா. 1998ல கடல் சூடாகி ஹிக்கடுவையிலயும் கல்பிட்டிப் பக்கத்து பார் ரீஃபிலயும் பவளம் வெளிறிச் செத்தது. மிஞ்சினது கொஞ்சம். அதில ஒரு துண்டு எடுத்து நம்ம கண்ணாடிப் பெட்டியில வச்சு அழகு பார்க்க எனக்கு மனசு வராது.

தொட்டிக்குள்ள அடுக்குறதுக்குன்னு செஞ்சு விக்கிற உலர்கல் போதும். அதில மீன் கழிவை உடைக்கிற பாக்டீரியா பிடிக்க ஒன்றரை மாசம் வரைக்கும் ஆகும். அந்தக் காலத்தில தண்ணிய 25லயே வைங்க, குளிர்ல பாக்டீரியா மந்தம். பவளத்துக்கு, தொட்டியில வளர்த்து வெட்டின துண்டுகளா நம்பிக்கையான ஆள்கிட்ட வாங்குங்க. வெளிநாட்டில இருந்து வர்ற கல்பவளம் சைட்டஸ் (அருகி வர்ற உயிரின வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில இருக்கு, பேப்பர் கேளுங்க. பேப்பர் இல்லாட்டி வாங்காதீங்க.

சொவாந்திட், அந்த பட்டன் மாதிரி பவளம் வாங்கினா கையுறை போடுங்க. சிலதில கடும் விசம் இருக்கு. அது ஒட்டின கல்லை சுத்தம் செய்யுறேன்னு கொதிக்க வைக்கவே கூடாது. சாத்தின வீட்டில அந்த ஆவி ஆளையே கொல்லலாம்.

08.06.2025

தென்மேற்கு காத்து ஆரம்பிச்சாச்சு. ட்ரிப் சுவிட்ச் பத்தி எழுதாம விட்டது ஒன்னு இருக்கு. உப்புத்தண்ணிக்குப் பக்கத்தில 30 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், அதை எடுக்கச் சொல்றவங்க பேச்சைக் கேக்காதீங்க. ஆனா இடி இடிச்சா அது விழுந்துரும், வீட்டில ஆள் இல்லாட்டி தொட்டி அப்படியே கிடக்கும். தொட்டிக்கு தனி லைன், தனி ட்ரிப் போடச் சொல்லுங்க வயர்மேன்கிட்ட. அப்போ சமையலறை கேத்தலில கரண்ட் ஒழுகினாலும் தொட்டி அணையாது. வயரெல்லாம் பிளக்குக்குக் கீழ ஒரு வளைவு விட்டுத் தொங்கட்டும், வழியுற தண்ணி அங்கயே சொட்டிரும்.

ஹட்டன் தம்பி தண்ணி ஊத்திட்டார், உலர்கல் வச்சுட்டார்னு படம் போட்டிருக்கார். பின்பக்க ரெஜிஃபோம் நேர்த்தியா இருக்கு. வாழ்த்துகள் தம்பி. நீங்க கேட்ட ரெண்டு கேள்விக்கு:

வெத்திலைக்குப் போடுற சுண்ணாம்பைக் கரைச்சு ஊத்தலாமான்னா, வேணாம். சுண்ணாம்புத் தண்ணி முறை நல்ல முறைதான், பிஎச்சையும் ஏத்தும், சாத்தின வீட்டுக்குப் பொருத்தம். ஆனா அது சுத்தமான கல்சியம் ஹைட்ரொக்சைட்டா இருக்கணும். வெத்திலைச் சுண்ணாம்பில என்னென்ன கலந்திருக்குன்னு நமக்குத் தெரியாது. சுத்தமானது கிடைச்சா ராத்திரியில சொட்டு சொட்டா விடுங்க, மொத்தமா ஊத்தினா பிஎச் எகிறிரும்.

அப்பச் சோடா போடலாமான்னா, தாராளமா. சுத்தமான சோடியம் பைகாபனேட்னு பையில எழுதியிருக்கணும், பேக்கிங் பவுடர் இல்ல. 200 லீட்டருக்கு 6 கிராம் போட்டா அல்கலினிட்டி 1 dKH ஏறும். ஆர்ஓ தண்ணியில கரைச்சு, தண்ணி வேகமா ஓடுற இடத்தில மெல்ல ஊத்துங்க. ஒரே நாளில 1க்கு மேல ஏத்தாதீங்க. மறுநாள் அதே நேரத்துக்கு அளந்துட்டு மிச்சத்தைப் போடுங்க.